பிள்ளையார் ஃபோல்டர்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. போன வருஷத்துடையது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.

எழுதச் சொன்னது ஷகிலா டாக்டர். "கம்ப்யூட்டர் தினமும் என்ன பண்ணுதுன்னு எழுதி வை உலகம்மா. ரிப்பேர் பண்ற அந்தாள் வரும்போது சும்மா 'சரியில்ல, சரியில்ல'ன்னு நிக்காம விவரமா சொல்லலாம்" என்றார். சரி, விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்தால் நாம் கேட்ட ஃபைல் மட்டும் வருவதில்லை. நாலு பேர் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேனில் வந்து இறங்குவார்களே, அப்படிக் கூடவே ஒரு பட்டாளம் வந்து நிற்கிறது. எல்லாம் பழைய நோயாளிகளின் ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நீலத் தலைப்பு, ஒரே கட்டம். எது முன்னால் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மூடிவிட்டு வேண்டியதைத் தேடிப் பிடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. உலகம்மாள். தென்காசியில், குழந்தையில்லாதவர்களுக்குச் சிகிச்சை தருகிற ஒரு சின்ன மையத்தில் அலுவலக வேலை. பதிவு, நாள் குறித்துக் கொடுப்பது, போன். கரு வைத்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நின்றிருந்தால் அதை டாக்டரே கூப்பிட்டுச் சொல்வார். நிற்கவில்லை என்றால் சொல்வது என் வேலை. டாக்டர் கெட்டவர் இல்லை. "நீ சொன்னா அவங்களுக்குத் தாங்குது" என்பார். ஏன் தாங்குகிறது என்று நான் கேட்டதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறாராம்.

எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டேன். பட்டாளம் மறுபடி வந்தது. வைரஸ் பார்க்கிற மென்பொருளை ஓட விட்டேன். "எல்லாம் நலம்" என்றது. அதற்கென்ன, சொல்லிவிட்டுப் போகும்.

ஜூன் 5, வியாழன்

அவர் வரவில்லை. சாரல் மழையாம்.

ஜூன் 7, சனி

கம்ப்யூட்டர்காரர் ஒரு வழியாகப் போனிலாவது வாய் திறந்தார். "எக்செல்லுல ஆப்ஷன்ஸ் போங்க மேடம். அதுல அட்வான்ஸ்ட். அப்படியே கீழ உருட்டிக்கிட்டே போங்க" என்றார். உருட்டினேன். ஒரு கோவில் பிராகாரம் அளவு உருட்டிய பிறகு, தொடங்கும்போது இந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாவற்றையும் திற என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் டி டிரைவில் ஒரு ஃபோல்டரின் பெயர்: பிள்ளையார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பிள்ளையார் கிளம்பினார். ஃபோல்டரைத் திறந்தேன். முதல் ஃபைலில் மேலே ஒரு பிள்ளையார் சுழி, வேறு ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே வரிசையாக நோயாளிகளின் ஃபைல்கள்.

ஞானம் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலைமை நர்ஸ், இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர் முகம் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் முகம் போல ஆனது.

"அது இருக்கட்டும் உலகு. அதைத் தொடாத."

பிறகு மெதுவாகச் சொன்னார். எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த பெண், எழுத ஆரம்பிக்கும் முன் சுழி போடுகிற பழக்கக்காரி. தினமும் எக்செல் திறந்ததும் சுழிதான் முதலில் தெரிய வேண்டும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தாள். ஒரு நாள் கை தவறி ஒரு நோயாளியின் ஃபைலை அந்த ஃபோல்டரில் சேமித்துவிட்டாள். நாலு தடவை செய்தும் நிற்காதவள் அந்த நோயாளி. அந்த முறை நின்றது. அதுவும் இரட்டை!

"அப்புறம் விடுவோமா? யாரு மேல மனசு கிடந்து அடிச்சுக்குதோ அவ ஃபைல அதுல போட்டுருவோம். நின்னுட்டா எடுத்துருவோம்."

"நிக்கலைன்னா?"

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிக்கலைன்னா எப்படி எடுக்க? நாமளே இல்லேன்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும். அடுத்த தடவை வருவா, அடுத்த தடவை நிக்கும்னு அப்படியே கிடக்கு."

அதாவது, இத்தனை நாளும் காலையில் என்னோடு சண்டை போட்டது முழுக்க நிற்காதவர்களின் ஃபைல்கள்.

"சிஸ்டர், நீங்க மாதாவைக் கும்பிடுற ஆளு. இது பிள்ளையார் ஃபோல்டர்."

"கும்பிடுற வீடு எதுவா இருந்தா என்ன? கேக்குறது பிள்ளைதானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். 'உ' வரிசையில் ஒரு பெயரைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். சிஸ்டர் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சேர்ந்திருந்த ஃபைல், முத்துப்பேச்சி. பாவூர்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் பீடி சுற்றுகிறாள், புருஷன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறான். போன மாதம் கரு வைத்தது. வருகிற செவ்வாய் ரத்தப் பரிசோதனை. அவள் ஃபைலை நீங்கள் போட்டீர்களா என்று கேட்டேன்.

"நான் போடலைன்னா நீ போட்டிருப்ப" என்றார் சிஸ்டர்.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. இவர் மட்டும் போய்விட்டு வந்தார். எனக்குத் தலைவலி. புளியோதரையை டப்பாவில் கொண்டு வந்து கொடுத்தார். வளையலும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அலமாரியில் வைத்தேன்.

அங்கே வழக்கம்போல யாரோ இவரிடம், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னார்களாம். இதை எங்களிடம் சொல்லாத ஆள் இனிமேல்தான் தென்காசியில் பிறக்க வேண்டும். இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தினமும் ஒரு வேன் நிறைய ஊரான் பிள்ளைகளைக் கொண்டு போய் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எனக்கு அதெல்லாம் முடிந்த கதை. இந்த டைரி கம்ப்யூட்டருக்காக.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் முத்துப்பேச்சி வந்து ரத்தம் கொடுத்தாள். தலையில் பிச்சிப்பூ. "அக்கா, இன்னைக்கே தெரிஞ்சிருமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். தெரியும் என்றேன்.

மத்தியானம் எக்செல்லைத் திறந்தேன். பட்டாளம் வந்தது. அவள் ஃபைலில் முடிவுக் கட்டத்தில் 1.1 என்று இருந்தது. ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை.

போன் செய்தேன். எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிடவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு என்பேன். வெறும் வயிற்றில் யாருக்கும் இதைச் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டேன் என்றாள். "இந்தத் தடவை தள்ளிப் போயிருக்கும்மா. ஊசி, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திரலாம். ஒரு வாரம் கழிச்சு டாக்டரை வந்து பாரு" என்றேன்.

அவள் அழவில்லை. "சரிக்கா" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கோழி கத்தியது. பிறகு அவளே வைத்துவிட்டாள்.

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

இன்று டாக்டர் கத்திவிட்டார். புதிதாக ஒரு தம்பதி வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக எக்செல்லைத் திறந்தால் வேறொருத்தியின் பெயர், ஊர், வயது எல்லாம் திரையில் வந்து நின்றது. வந்த ஆள் எட்டிப் பார்த்து, "ஏ, இது எங்க ஊரு வாத்தியார் சம்சாரம்லா?" என்றான்.

அவர்கள் போனதும் டாக்டர் என்னையும் சிஸ்டரையும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளையார் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நானும்தான் ஒவ்வொரு தடவையும் துஆ பண்றேன் சிஸ்டர். அதை மனசுல வச்சுக்கிறேன், ஸ்க்ரீன்ல வைக்கல. அவங்க பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு நம்பித்தானே வர்றாங்க? இன்னிக்கே எடுத்துருங்க."

சிஸ்டர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

அந்தக் கட்டத்துக்குள் இருந்த பெயரை அழித்தேன். சரி கொடுத்தேன். எக்செல்லை மூடித் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு, வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஃபைல்களை அப்படியே விட முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து, விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வருஷவாரியாக உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். மாலைக்குள் பாதிக்கு மேல் முடிந்தது.

உலகம்மாள், கணவர் சண்முகையா என்கிற ஃபைலையும் சேர்த்தேன். முடிவுக் கட்டங்கள் மூன்றும் நிரம்பியிருந்தன. சரிபார்க்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வெயில் தாங்கவில்லை. நாள் முழுக்கச் சாரல் அடித்ததால் ஜன்னல்களை வேறு சாத்தி வைத்திருந்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வந்ததும் ரோஸ்லின் போன் செய்தாள். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவள். "முடிவு இன்னும் வரலையா?" என்று மூன்றாவது நாளாகக் கேட்கிறாள். அவள் ஃபைலைத் திறந்தேன். கட்டம் காலி. வரவில்லை என்று சொல்லப் போனவள், எதற்கும் பார்ப்போம் என்று லேப் சீட்டு வைக்கிற தட்டைக் கிளறினேன். ரோஸ்லினின் சீட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று என்று மூலையில் சிஸ்டரின் பச்சை மை டிக். எண் 1.1.

ஏற்றியாயிற்று என்றால் எங்கே ஏற்றியது? அந்த 1.1-ஐ நான் எங்கே பார்த்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தட்டை முழுக்கக் கொட்டினேன். முத்துப்பேச்சியின் சீட்டு அடியில் கிடந்தது. செவ்வாய் மாலையில், நான் அவளுக்குப் போன் செய்த பிறகு வந்திருக்கிறது. அவள் ஃபைலில் ஏற்கெனவே எண் இருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எண் 212.

நின்றிருக்கிறது.

சிஸ்டரிடம் இரண்டு சீட்டையும் காட்டினேன். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய் காலையில் ரோஸ்லின் ஃபைலைத் திறந்திருக்கிறார், பட்டாளம் வந்திருக்கிறது, முன்னால் நின்றது முத்துப்பேச்சி. அதே நீலத் தலைப்பு. ரோஸ்லினின் எண்ணை அதில் அடித்துவிட்டார்.

"பிள்ளையார் பிடிக்கப் போயி..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ நல்லாருக்கணும்னுதான உலகு அதுல போட்டேன்."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மருந்துதான் இப்போ கருவைப் பிடிச்சு வச்சிருக்கு. செவ்வாய்க்கிழமையே நிறுத்தியிருந்தா ரெண்டு நாள் ஆச்சு. தாங்குமா தாங்காதான்னு என்னால சொல்ல முடியாது. உடனே போங்க. ஊசி எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். மறுபடி ரத்தமும் எடுத்துட்டு வாங்க" என்றார். ரோஸ்லினுக்கு அவரே பேசுவதாகச் சொன்னார்.

நிறுத்தச் சொன்னது நான். என் வாயால், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு.

முத்துப்பேச்சி போன் அணைந்து கிடந்தது. இவருக்குப் போன் செய்தேன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏன், எதற்கு என்று கேட்காமல் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் சிஸ்டர் ஜெபமாலை உருட்ட, முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். ஃபோல்டரைப் பற்றியும்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நம்ம பேரும் அதுல கிடந்துச்சா?"

"கிடந்துச்சு. நேத்து எடுத்துட்டேன்."

"ம்." கியரை மாற்றினார். "அந்தப் பிள்ளைக்கு நின்னுரணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் மூன்று வருஷமாக இந்த மனுஷனுக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முத்துப்பேச்சி வீட்டு வாசலில் அவள் மாமியார் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வேனையும் சிஸ்டரின் வெள்ளை உடுப்பையும் பார்த்ததும் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று நான் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வாங்கம்மா, வாங்க! நல்ல சேதி சொன்னவிய நேர்லயே வந்துட்டியளே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க, வாய்க்குச் சீனி போடாம விடமாட்டேன். எத்தனை வருசம்! ஊரெல்லாம் சொல்லிட்டோம். எம்மவன் நேத்து சந்தையில எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்திருக்கான்!"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். டாக்டர் சொல்லவில்லை. நாங்கள் சொல்லவில்லை. பிறகு யார் சொன்னது?

அப்போது உள் வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிற்கிற நிலையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போனை வைத்துவிட்டு, வாசலில் காத்துக்கொண்டிருந்தவர்களிடம் வருவதற்குள், நான் சொன்ன இல்லையை அவள் ஆமாம் ஆக்கியிருக்கிறாள். ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"தண்ணி வேணும்" என்றேன். பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழாயடியில் என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிராதிய. உங்க கால்ல விழுதேன். வாசல்ல அத்தனை பேரும் என் மூஞ்சியையே பாத்தாவ. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஒரு வாரம் போகட்டும், கலைஞ்சு போச்சுன்னு நானே சொல்லிருவேன். இல்லவே இல்லங்கதுக்கு, வந்து போச்சுன்னா கொஞ்சம் மதிப்பா இருக்கும்லாக்கா?"

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஊசி, மாத்திரை எப்ப நிறுத்துன?"

"எங்க நிறுத்த? ஊசி போடப் போகையில அத்தையும்லா கூட வாராவ. மாத்திரையை அவியதான் எடுத்துக் கையில தாராவ, முழுங்குற வரைக்கும் நிக்காவ. நிறுத்துனா தெரிஞ்சு போகும்லா. ஒண்ணு விடாம எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வீணாத்தான் போடுதேன், என்ன செய்ய?"

பின்னால் வந்த சிஸ்டர் "இயேசுவே" என்றார்.

சொல்ல வேண்டியது நான்தான். இந்த வேலையில் இல்லை என்பதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பழகியிருக்கிறேன். ஆமாம் என்று ஒருத்திக்கும் சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்து, அதை விட்டுவிட்டேன்.

"முத்துப்பேச்சி, நீ வீட்ல சொன்னதுதாம்மா நெசம். நான் போன்ல சொன்னதுதான் தப்பு. வேற ஆளோட முடிவை உன்னோடதுன்னு சொல்லிட்டோம். உனக்கு நின்னுருக்கு."

"சும்மா இருங்கக்கா" என்றாள். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டாள்.

சீட்டை எடுத்துக் காட்டினேன். அவள் பெயர், அவள் புருஷன் பெயர், செவ்வாய்க்கிழமைத் தேதி, 212. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இது ஆரம்பம்தான், எண் ஏறுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும், இப்போதே ரத்தம் எடுக்கிறோம் என்று சிஸ்டர் பக்குவமாகச் சொன்னார். "என்னை மன்னிச்சிருமா" என்று இரண்டு தடவை சொன்னார். அது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பிறகு வாய்விட்டு, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க, நன்றாகவே அழுதேன்.

சத்தம் கேட்டு மாமியார் சீனி டப்பாவோடு ஓடி வந்தார்.

"என்னட்டி இது, நல்ல நாளும் அதுவுமா? முந்தாநாளே தெரிஞ்ச சேதிக்கு இன்னைக்கா உக்காந்து அழுவாவ?"

முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லத்த," என்றாள். "இப்பந்தான் நம்புதேன்."